வாளிக் கணக்கு

பதினாலு மாதம் வள்ளம் கரையில் கிடந்தது,
நாலு பனங்குற்றியின்மேல், வானத்தைப் பார்த்தபடி.
அணியத்துக்குள் எங்கள் கோழி அடைகிடந்து
ஒன்பது குஞ்சோடு இறங்கிவந்தது.
நாச்சிக்குடா முழுக்கச் சிரித்தது:
"டெஸ்மன்ர வள்ளத்தில இந்த வருசம் கோழிப்பாடு."

ஓடாவி கிறகோரி பேசாலையிலிருந்து வரவேண்டும்.
திங்கள் என்றால் வியாழன்,
வியாழன் என்றால் மருமகளுக்குக் காய்ச்சல்.
வந்த நாளில் தலை நிமிராமல் வேலை செய்வார்.
பல் வைத்தியர் மாதிரித் தட்டித் தட்டி
ஏராவுக்குப் பக்கத்துப் பலகை நாலும் செத்துவிட்டது என்றார்.
செத்ததை வெட்டுகையில் உளி எதிலோ இடறியது.
சுண்டுவிரல் நகமளவு இரும்பு,
கறுத்து, மரத்தோடு மரமாய்.
நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.
அதை ஆணிப் பேணிக்குள் போட்டுவிட்டு
உளி தீட்டிய கூலி இருநூறு என்று கொப்பியில் எழுதினார்.
கூலிக் கணக்கில் எத்தனையோ வெட்டினேன்.
அந்த வரியை வெட்டவில்லை.

எஞ்சினை விற்ற காசில் பலகை வந்தது.
என் காப்பு வங்கியில் இருக்கிறது;
அதன் பங்குக்குச் செப்பாணி, பஞ்சு, குங்கிலியம்,
மன்னாரிலிருந்து பாய்ச்சீலை.
பாயை நானே தைத்தேன்.
மெசின் ஊசி ஐந்து முறிந்தது. சீலை ஒரு முழம் காணாமல் போக
மூலையில் என் பழைய சட்டைத் துண்டை வைத்து மூட்டினேன்,
சிவப்புப் பூப்போட்டது.
"கடலுக்குள்ள என்னத்துக்கு இது?" என்றார் டெஸ்மன்.
"கிடக்கட்டும்" என்றேன்.

வைகாசி. சோளகம் இன்னும் முழுசாய் எழும்பாத ஒரு ஞாயிறு.
பூசைக்குப் போன உடுப்போடேயே
இருபத்திரண்டு பேர் தோள் கொடுத்தார்கள்.
வெள்ளைச் சட்டைகளில் தார் அப்பியது.
குற்றி உருண்டது, நின்றது, மறுபடி உருண்டது.
கடைசி முழத்தில்
எங்கள் கைகளை உதறிவிட்டுத் தானாகவே போனது.
கைதட்டினார்கள். சோடா உடைத்தார்கள்.
கால்மணி நேரத்தில் உள்ளே
கணுக்கால் அளவு தண்ணீர்.

கைதட்டியவர்கள் ஒவ்வொருவராய்
வேறு பக்கம் பார்த்தார்கள்.
எனக்கு அடிவயிறு கரைந்தது.
கிறகோரி சோடாவை ஆறுதலாய்க் குடித்து முடித்து
ஏப்பம் விட்டுச் சொன்னார்:
"காய்ஞ்ச மரம் பிள்ளை, குடிக்கத்தானே செய்யும்.
ரெண்டு நாள் விடுங்கோ. பிறகு அதுவே வாயை மூடும்."
நாலரைப் பஸ்சுக்குப் போய்விட்டார்.

முதல் இரவு மணிக்கு அறுபத்தெட்டு வாளி.
பழைய பெயின்ற் வாளி, கைபிடிக் கம்பி உள்ளங்கையை அறுத்தது.
நானும் டெஸ்மனும் மாறி மாறி;
இரண்டு மணிக்குப் பிறகு நான் மட்டும்.
அக்கரையில் தடைக்காலம். றோலர் வெளிச்சம் ஒன்றும் இல்லாமல்
கடல் முழு இருட்டு.
அள்ளி ஊற்றுகிற சத்தமும், இடைக்கிடை
பலகைகள் பருத்து ஒன்றையொன்று நெருக்கி
நெட்டி முறிக்கிற சத்தமும்.

விடிய நாற்பத்தொன்று.
திங்கள் மத்தியானம் இருபத்தாறு.
பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள்
"அன்ரி, இப்ப எத்தினை?" என்று கத்திக் கேட்டார்கள்,
கிரிக்கெற் ஸ்கோர் கேட்பது போல.
பின்னேரம் பதினொன்று.
இரவு பதினாலு. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.
செவ்வாய் காலை மூன்று.

மூன்றிலேயே நின்றது, அதற்குக் கீழே போகவில்லை.
போனில் கேட்டோம்.
"மூண்டு வாளி குடிக்காத வள்ளம் எங்க இருக்கு, காட்டுங்கோ"
என்று வைத்துவிட்டார் கிறகோரி.

அன்று பின்னேரம் பருமலை உயர்த்தினார்கள்.
பாய் இரண்டுதரம் படபடத்து அடித்தது,
பிறகு காற்றைப் பிடித்தது.
பூத்துண்டு தெரிகிறதா என்று கரையில் நின்று பார்த்தேன்.
வெயில் கண்ணுக்குள். தெரியவில்லை.

வாளி அவர்களோடு போய்விட்டது.
குளிக்க அள்ளப் பக்கத்து வீட்டில் இரவல் கேட்டேன்,
கொப்புளம் வெடித்த கையை நீட்டி.
திரும்பி வருகையில்
கோழி அணியத்தைத் தேடி
வெறும் பனங்குற்றிகளைச் சுற்றிக்கொண்டு நின்றது.